நூற்றுப்பதினாறிலிருந்து ஒன்றுக்கு: 4294967297 என்னும் எண்



ஒரு கணித ஆசிரியரின் நினைவாக ஏற்படுத்தப்பட்ட சொற்பொழிவு இது. வாழ்நாள் முழுவதும் கையில் சுண்ணக்கட்டியோடு நின்றவர் அவர். அவர் நினைவைப் போற்றக் கணிதத்தின் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போவது போதாது. பலகையில் ஓர் எண்ணை எழுதி, அதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பதுதான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது. அந்த எண் இதோ:

4294967297

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 429,49,67,297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கூட்டினால் இது வரும். அதாவது 2³² + 1. இன்றைய கணினிக்கு இது சின்ன எண். ஆனால் ஐரோப்பாவின் தலைசிறந்த எண்கணித மேதை ஒருவர் இதைப் பற்றித் தவறாக நினைத்தார். அந்தத் தவறு வெளிப்பட 92 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையையும், அதைவிட முக்கியமாக அந்தத் தவறு எப்படி வெளிப்பட்டது என்பதன் கணக்கையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பியர் தெ ஃபெர்மா பிரான்சின் தூலூஸ் நகரில் நீதிமன்றப் பதவியில் இருந்தவர். கணிதம் அவருக்குத் தொழில் அல்ல. கண்டுபிடித்தவற்றைப் பெரும்பாலும் கடிதங்களில்தான் எழுதி அனுப்பினார். 2-இன் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் எப்போது பகா எண் கிடைக்கும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அடுக்கில் ஒற்றைப்படைக் காரணி ஒன்று இருந்தால் எண் உடைந்துவிடும். எடுத்துக்காட்டாக 2⁶ + 1 என்பது 65. 6-க்குள் 3 இருப்பதால் 2² + 1 ஆகிய 5 அதை வகுத்துவிடுகிறது. ஆகவே அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டு போனால் மட்டுமே வாய்ப்பு உண்டு. அப்படிக் கிடைப்பவை:

2 + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65537

ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று 1640-இல் கணிதர் ஃபிரெனிக்கிளுக்கு எழுதினார் ஃபெர்மா. நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். 1654-இல் பாஸ்கலுக்கு எழுதிய கடிதத்திலும் இதே பேச்சு வருகிறது. வரிசையில் அடுத்து நிற்பதுதான் நம் எண்.

ஃபெர்மா 1665-இல் மறைந்தார். கேள்வி தூங்கிப்போயிற்று. அதை எழுப்பியவர் கிறிஸ்டியன் கோல்ட்பாக். 1729 டிசம்பர் முதல் நாள், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் லெயோனார்ட் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.   ஆய்லர் முதலில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. கோல்ட்பாக் விடவில்லை. அந்தத் தூண்டுதலில்தான் ஆய்லர் ஃபெர்மாவை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார் என்பது கணித வரலாற்றில் நடந்த பெரிய நன்மைகளில் ஒன்று. 1732-இல், தம் 25-ஆம் வயதில், பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் ஆய்லர் எழுதினார்: இந்த எண் 641-ஆல் வகுபடும்.

பலகையில் வகுத்தே பார்ப்போம். 4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. அடுத்த இலக்கம் 9-ஐ இறக்கினால் 4489. ஏழு முறை, மீதி 2. அடுத்து 6, பிறகு 7. 26, 267 இரண்டும் 641-ஐ எட்டவில்லை, ஆகவே ஈவில் இரண்டு பூச்சியம். 2-ஐ இறக்கினால் 2672. நான்கு முறை, மீதி 108. 9-ஐ இறக்கினால் 1089. ஒரு முறை, மீதி மறுபடியும் 448. கடைசி 7-ஐ இறக்கினால் 4487. அது சரியாக 641-இன் ஏழு மடங்கு. மீதி பூச்சியம்.

4294967297 = 641 × 6700417

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய வகுத்தல். ஃபெர்மா போன்றவர் இதை எப்படித் தவறவிட்டார்?

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டும். அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. 6542 வகுத்தல் என்றால் யாரும் மலைப்பார்கள். ஃபெர்மா மலைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் 641 என்பது பகா எண் வரிசையில் 116-ஆவது. 2, 3, 5, 7 என்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்கியிருந்தாலும் நூற்றுப்பதினாறாவது வகுத்தலில் எண் உடைந்திருக்கும். இந்த நூற்றுப்பதினாறை நினைவில் வையுங்கள். இதைக் குறைத்துக்கொண்டே போவதுதான் இன்றைய என் பேச்சு.

1732-ஆம் ஆண்டுக் கட்டுரையில் 641-ஐ எப்படிப் பிடித்தார் என்று ஆய்லர் சொல்லவில்லை. பின்னால் எழுதிய கட்டுரை ஒன்றில் வழியைத் திறந்து காட்டினார். நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவத்தில்தான் இருக்க முடியும். 641 என்பது 64 × 10 + 1. காரணியைத் தேடப் புறப்படுவதற்கு முன்பே, எப்படிப்பட்ட காரணிக்கு இந்த எண் இடம் கொடுக்கும் என்று ஆய்லர் கேட்டார். எண்கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது.

இது ஏன் உண்மை என்று பார்த்துவிடுவோம்; மாணவர்கள் கொஞ்சம் கூர்ந்து கவனிக்க வேண்டும். இன்று வியாழக்கிழமை என்றால் ஏழு நாள் கழித்து மறுபடி வியாழன் வருவதுபோல, 2-இன் அடுக்குகளை ஒரு பகா எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் மீதிகளும் சுழன்று வரும். 17-ஆல் வகுத்துப் பாருங்கள். 2, 4, 8, 16-க்கு மீதிகள் அவையேதான். அடுத்த 32-க்கு மீதி 15, பிறகு 13, பிறகு 9, பிறகு 1. எட்டாவது படியில் 1 வந்துவிட்டது. இனி 2, 4, 8 என்று பழையபடி. சுற்றின் நீளம் 8. நடுவழியில், நான்காவது படியில், மீதி 16. அதாவது 17-க்கு ஒன்று குறைவு, −1 என்றே சொல்லலாம்.

இப்போது நம் எண்ணின் ஏதோ ஒரு பகாக் காரணியை எடுத்துக்கொள்வோம். அது 2³² + 1-ஐ வகுப்பதால், அதனால் 2³²-ஐ வகுத்தால் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. ஆகவே சுற்று 64-ஆவது படியில் மூடிக்கொள்கிறது. அதற்கு முன்பே மூடியிருக்கலாமே என்றால், முடியாது. 64-ஐ வகுக்கும் சிறிய நீளங்கள் 32, 16, 8 போன்றவை. அவை எல்லாமே 32-ஐயும் வகுக்கும். அப்படிச் சுற்று முன்பே மூடியிருந்தால் 32-ஆவது படியிலும் மீதி 1 வந்திருக்க வேண்டும்; அங்கே −1 அல்லவா இருக்கிறது? ஆகவே சுற்றின் நீளம் துல்லியமாக 64. இனி ஒரு தேற்றம்: எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும், அதிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணை 2-க்கு அடுக்காக வைத்தால் மீதி 1 வரும். ஆகவே பகாக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். அவ்வளவுதான்.

அந்தத் தேற்றத்துக்குப் பெயர் ஃபெர்மாவின் சிறு தேற்றம். அதை ஃபெர்மா எழுதியது 1640 அக்டோபரில். அதுவும் அதே ஃபிரெனிக்கிளுக்கு. தம் கூற்றை உடைக்கும் கருவியை அதே ஆண்டில் தாமே செய்து கையில் வைத்திருந்தார் அவர்.

அந்தக் கருவியோடு தேடினால் வேலை எவ்வளவு? 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டி எழுதுவோம்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் 65, 129, 321, 385, 513 ஆகியவை பகு எண்கள், சோதிக்கத் தேவையில்லை. மிஞ்சுபவை 193, 257, 449, 577, 641. நூற்றுப்பதினாறு ஐந்தாகிவிட்டது.

இதில் 257-ஐயும் நீக்கிவிடலாம். அதற்கான காரணத்தை 1730-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கோல்ட்பாக் சொல்கிறார். ஃபெர்மாவின் எண்களை வரிசையாகப் பெருக்கிப் பாருங்கள். 3 × 5 = 15; அடுத்த எண் 17. அதோடு 17-ஐப் பெருக்கினால் 255. அடுத்த எண் 257. அதோடு 257-ஐப் பெருக்கினால் 65535. அடுத்த எண் 65537. ஒவ்வொரு முறையும் பெருக்கற்பலன் அடுத்த எண்ணுக்குச் சரியாக இரண்டு குறைவு. ஐந்தையும் பெருக்கினால் 4294967295; நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. ஆகவே 257 நம் எண்ணையும் வகுத்தால், இடையிலுள்ள 2-ஐயும் வகுக்க வேண்டும். அது நடக்காது. ஃபெர்மா எண்களில் எந்த இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கும் இதிலேயே ஒரு நிரூபணம் ஒளிந்திருக்கிறது: வரிசை முடிவில்லாதது, ஒவ்வொன்றும் புதிய பகாக் காரணியைக் கொண்டுவந்தாக வேண்டும்.

1878-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா இன்னொரு படி ஏறினார். நம் எண்ணின் காரணிகள் 64 அல்ல, 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவத்தில்தான் இருக்கும் என்று காட்டினார். அந்தப் பட்டியல்: 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் இரண்டே: 257, 641. 257-ஐக் கோல்ட்பாக்கின் காரணம் நீக்கிவிடுகிறது. ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641. நூற்றுப்பதினாறு ஐந்தாகி, இப்போது ஒன்றாகிவிட்டது. முதல் வகுத்தலிலேயே எண் உடைகிறது!

மற்ற காரணியான 6700417 மேலும் உடையுமா? அதன் எந்தப் பகாக் காரணியும் நம் எண்ணின் காரணிதானே. ஆகவே அதுவும் 128-இன் மடங்கு கூட்டல் ஒன்று. அதன் வர்க்கமூலமான 2588 வரை அந்த வடிவில் உள்ள பகா எண்கள் ஐந்து மட்டும்: 257, 641, 769, 1153, 1409. 257-க்கு இடமில்லை என்று பார்த்தோம். மற்ற நான்கில் எதுவும் வகுக்கவில்லை. எனவே அது பகா எண்.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று வைத்துக்கொண்டு போகும் கதை எல்லாருக்கும் தெரியும். அறுபத்து நான்கு கட்டங்களிலும் சேரும் தானியம் 2⁶⁴ − 1. கோல்ட்பாக் காட்டிய பெருக்கலில் நம் எண்ணையும் சேர்த்துக்கொண்டால் வருவது அந்தத் தொகைதான். ஆகவே அரசனைத் திகைக்க வைத்த அந்தப் பெருந்தொகையின் பகாக் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஆய்லரின் இரு காரணிகளும் அந்தப் பலகைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.

வகுத்தலே இல்லாமல் 641-ஐக் காட்டும் வழி ஒன்றும் உண்டு. அதன் அழகுக்காகவே சொல்கிறேன். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. இன்னொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இப்போது 5⁴ × 2²⁸ என்ற எண்ணை நடுவில் நிறுத்துங்கள். அது 5 × 2⁷ என்பதன் நான்காம் அடுக்கு. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 5 × 2⁷ + 1-ஆல், அதாவது 641-ஆல் வகுபடும். நான்காம் அடுக்குகளின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்தும் பள்ளிச் சூத்திரம் போதும். அதே எண்ணோடு 2³²-ஐக் கூட்டினால் 2²⁸ × (5⁴ + 2⁴). இதுவும் 641-ஆல் வகுபடும். 641-இன் இரண்டு மடங்குகள் நம்மிடம் இருக்கின்றன. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் நடுவில் நின்ற எண் மறைந்துபோய் 2³² + 1 மட்டும் மிஞ்சும். அதுவும் 641-இன் மடங்கு. நிரூபணம் முடிந்தது. நம் எண்ணின் பத்து இலக்கங்களில் ஒன்றைக்கூட நாம் தொடவில்லை.

சரி, ஃபெர்மா எங்கே சறுக்கியிருப்பார்? இதற்கு ஆவணம் இல்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன். அவர் தம் சிறு தேற்றத்தை வைத்தே எண்ணைச் சோதித்திருக்கலாம். பகா எண் என்றால், அதைவிட ஒன்று குறைந்த எண்ணை 2-க்கு அடுக்காக வைத்து, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். நம் எண்ணைவிட ஒன்று குறைந்தது 2³². அது 64-இன் மடங்கு. 2⁶⁴-க்கு மீதி 1 என்று பார்த்தோம். ஆகவே சோதனையில் நம் எண் தேறிவிடுகிறது! உண்மையில் ஃபெர்மாவின் வரிசையிலுள்ள எல்லா எண்களும், பகா எண்ணோ பகு எண்ணோ, இந்தச் சோதனையில் தேறிவிடும். 2-ஐக் கொண்டு சோதித்தால் இந்த எண்கள் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

2-க்குப் பதில் 3-ஐ எடுத்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். 3-ஐ வர்க்கப்படுத்து, வந்ததை மறுபடி வர்க்கப்படுத்து. நம் எண்ணைத் தாண்டும்போதெல்லாம் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். முப்பத்திரண்டு முறை செய்ய வேண்டும். முதல் நான்கு முறை எளிது: 9, 81, 6561, 43046721. அதன் பிறகு ஒவ்வொன்றும் நீண்ட பெருக்கல், நீண்ட வகுத்தல். கடைசியில் மீதி 1 வந்தால்தான் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு. வருவது 3029026160. ஆகவே இது பகு எண். ஆனால் கவனியுங்கள், இந்தக் கணக்கு முழுவதிலும் 641 தலைகாட்டவே இல்லை. எண் உடையும் என்பது தெரிந்துவிட்டது. எங்கே உடையும் என்பது தெரியவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு அறிவு. இதற்குப் பிறகு வந்த எண்கணிதத்தின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இந்த எண்ணைப் பார்க்க ஆசை. 1640 டிசம்பர் 25 அன்று கணிதர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் ஃபெர்மா மற்றொரு தேற்றத்தைச் சொன்னார்: 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியும், அதுவும் ஒரே ஒரு விதத்தில். நம் எண்ணுக்கு ஒரு விதம் பார்த்தவுடனே தெரிகிறது: 65536² + 1². பகா எண்ணாக இருந்தால் அதோடு கதை முடிய வேண்டும். முடியவில்லை:

62264² + 20449² = 4294967297

முதல் வர்க்கம் 3876805696, இரண்டாவது 418161601, கூட்டிப் பார்க்கலாம். இரண்டு விதம் வந்துவிட்டதால் இது பகா எண் அல்ல.

இந்த இரண்டு விதங்களும் எங்கிருந்து வந்தன? காரணிகளிலிருந்துதான். 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². வர்க்கக் கூடுதல்கள் இரண்டைப் பெருக்கினால் பலனும் வர்க்கக் கூடுதலாகவே, அதுவும் இரண்டு விதமாக வரும். இந்த உண்மையின் சாயல் கிரேக்கக் கணிதர் டயோஃபாண்டஸிடம் உண்டு. பொதுவான வடிவம் 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இருக்கிறது. அவர் வழியில் போட்டுப் பாருங்கள். 25 × 2556 = 63900. 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. இனி குறுக்கே: 25 × 409 = 10225. 4 × 2556 = 10224. கழித்தால் 1, கூட்டினால் 20449. நான்கு எண்களும் வந்துவிட்டன. 65536-க்குப் பக்கத்தில் நிற்கும் அந்த அப்பாவி 1, பத்தாயிரத்துச் சொச்சமான இரண்டு பெருக்கற்பலன்கள் ஒன்றுக்கொன்று மயிரிழையில் தவறியதால் வந்தது. எத்தனை முறை எழுதினாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு தீருவதில்லை.

பிரம்மகுப்தரின் இதே வழியை வளர்த்துத்தான் 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் ஒரு கணக்கை முடித்தார்: ஒரு வர்க்கத்தை 61-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இன்னொரு வர்க்கம் வரவேண்டும். மிகச் சிறிய விடை 226153980. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1657-இல், அதே 61-ஐ வைத்து ஐரோப்பியக் கணிதர்களுக்குச் சவால் விட்டவர் ஃபெர்மா. இந்தியாவும் பிரான்சும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே எண்ணில் சந்தித்துக்கொண்டன.

ஃபெர்மாவின் வரிசை அதன் பிறகு யாரும் எதிர்பாராத திசையில் உயிர்பெற்றது. 1796-இல், பதினெட்டு வயதுக் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று கண்டார். 1801-இல் வெளியான அவருடைய நூலில் பொதுவிதி வந்தது. அதன் மறுபாதியை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரைய முடிய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ இருக்க வேண்டும். தெரிந்தவை ஐந்து. ஆகவே அப்படிப்பட்ட பலகோணங்கள் 31. அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. நம் எண் உடையாதிருந்தால் பட்டியல் அங்கே நின்றிருக்காது. 65537 பக்கங்களுக்கான வழியை எழுத ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் உழைத்தார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அடுத்த எண் 2⁶⁴ + 1. அதை 1880-இல் லாண்ட்ரி, தம் 82-ஆம் வயதில், உடைத்தார்: 274177 × 67280421310721. அதற்கடுத்த 39 இலக்க எண் 1970-இல் மாரிசன், பிரில்ஹார்ட் இருவரிடம் உடைந்தது. 78 இலக்க எண் 1980-இல் பிரென்ட், போலார்டிடம். 155 இலக்க எண் 1990-இல், புதிய சல்லடை முறையும் உலகெங்கும் சேர்ந்த நூற்றுக்கணக்கான கணினிகளும் கொண்டு. இந்த எண்களில் பல, ஒரு புதிய முறையைப் பிறப்பித்துவிட்டுத்தான் விழுந்தன. நம் எண்ணிலிருந்து தொடங்கி அடுக்கு 2³² வரையுள்ள எல்லாமே பகு எண்கள் என்று இன்று தெரியும். அடுக்கு 2³³ ஆகும் எண்ணுக்கு ஏறத்தாழ 258 கோடி இலக்கங்கள். அது பகா எண்ணா பகு எண்ணா என்று யாருக்கும் தெரியாது. 65537-க்குப் பிறகு ஒரு ஃபெர்மா பகா எண்கூடக் கிடைத்ததில்லை.

முன்னே சொன்ன இடைவெளி இங்கே முழு உருவில் நிற்கிறது. 1877-இல் பெப்பென் என்பவர் 3-ஐக் கொண்ட சோதனையை ஃபெர்மா எண்களுக்குப் பிழையில்லாத சோதனையாக ஆக்கினார். அதன்படி, அடுக்கு 2²⁰ ஆகும் ஃபெர்மா எண் பகு எண் என்று 1987-இல் தெரிந்தது. 2²⁴ ஆகும் எண் பகு எண் என்று 1999-இல் தெரிந்தது. இரண்டுக்கும் இன்றுவரை ஒரு காரணிகூடக் கிடைக்கவில்லை. உடையும் என்று உறுதியாகத் தெரிந்தும் உடைக்க முடியாமல் நிற்கின்றன. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அமைத்த ஆர்.எஸ்.ஏ. மறைகுறியீட்டு முறை இந்த இயலாமையை அடித்தளமாகக் கொண்டது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பலனைப் பிரிப்பது அரிது. அந்த முறையில் பொதுத் திறவுகோலுக்கு வழக்கமாக எடுக்கும் அடுக்கு 65537. இரும எழுத்தில் அதற்கு முதலிலும் கடைசியிலும் மட்டும் 1, இடையில் பதினைந்து பூச்சியங்கள். கணக்கு விரைவாக முடியும். நமக்குத் தெரிந்த கடைசி ஃபெர்மா பகா எண் இன்று கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஃபெர்மாவை நான் குறைத்துப் பேசவில்லை. நிரூபணம் இல்லை என்பதை எழுதி வைத்துவிட்டுத்தான் நம்பினார். அந்த நேர்மை இல்லாமல் போயிருந்தால் கோல்ட்பாக்குக்குக் கேட்க ஒரு கேள்வியே கிடைத்திருக்காது.

கடைசியாக ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பத்தாம் வகுப்புப் பாடநூலில் மட்டு எண்கணிதம் இருக்கிறது. இன்று நான் பலகையில் எழுதியவற்றில் பெரும்பகுதிக்கு அது போதும். மீதிகளைப் பற்றிய பயிற்சிக் கணக்குகளை முடித்த கையோடு, ஒரு பாடவேளையை ஒதுக்கி இந்த எண்ணைப் பலகையில் எழுதுங்கள். 65, 129, 193 என்று மாணவர்களையே பட்டியல் போடச் சொல்லுங்கள். 641-ஐ நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாவது வகுத்தலில் அவர்களே அதை எட்டட்டும். 625-ஐயும் 16-ஐயும் கூட்டும் அந்த நிரூபணத்தை அடுத்த நாள் காட்டுங்கள்.

அதையும் முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு 18446744073709551617 இருக்கிறது. அதன் காரணிகள் 256-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்கள். லாண்ட்ரியின் 274177 என்பது 256 × 1071 + 1. சாதாரணக் கால்குலேட்டரில் அந்த இருபது இலக்க எண் அடங்காது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கையால் வகுத்துப் பாருங்கள்.